ஃபைபர் கேட் வரைக்கும் வந்திட்டுது, மேல ஏற விடமாட்டினமாம்

போன வருசம் கொழும்பில, வெள்ளவத்தையில ஒரு பிளட்டுக்கு வாடகைக்கு வந்தம். நாலாம் மாடி, நல்ல கடல் காத்து, மேல பக்கம் நடந்தா காலி வீதி பஸ், கீழ் பக்கம் நடந்தா மெரின் ட்ரைவ், இதெல்லாம் பார்த்துத்தான் அட்வான்ஸ் கட்டினது, ஒண்டை மட்டும் பார்க்க மறந்திட்டம். பழைய வீட்டில வச்சிருந்த இன்டர்நெட் லைன அப்பிடியே இங்க மாத்தித் தாங்கோ எண்டு கம்பனிக்கு அடிச்சன், அவையளும் ஓமெண்டினம், ரெண்டு பொடியள் வயர் ரோலோட வந்து இறங்கிட்டினம், கேட்டில செக்யூரிட்டி ஐயா மறிச்சிட்டார். "இந்த பில்டிங்குக்கு வேற கம்பனி லைன்தான் தம்பி, இவையள விட வேணாமெண்டு கொமிட்டி சொல்லியிருக்கு." பொடியன் ஒருத்தன் லேனில நிக்கிற போஸ்ட்ட காட்டி, "அண்ண, எங்கட ஃபைபர் அந்தா அதில தொங்குது, உங்கட பல்கனிக்கு நேர 15 மீட்டர்கூட வராது" எண்டு சொல்லிப்போட்டு பைக்க எடுத்திட்டான்.

எந்தக் கம்பனி உள்ள, எது வெளிய எண்டு சொல்லப் போறதில்ல. அடுத்த லேனில இதே கதை ஆள் மாறி நடக்கலாம். அதால இது கம்பனிக்கு எதிரான புலம்பல் இல்ல. கடையில போய் எந்த சோப் வேணுமெண்டு எடுக்கிற மாதிரி இன்டர்நெட்டையும் நாங்கதான் தெரிவு செய்யிறம் எண்டு நினைச்சுக் கொண்டு இருக்கிறம், ஆனா மாடி வீட்டில இருக்கிற ஆளுக்கு அந்தத் தெரிவு அவர் குடி வர முதலே வேற ஆர் ஆரோ கதைச்சு முடிச்ச விசயம், அதைப் பற்றித்தான் எழுத வந்தன்.

லைன் எப்பிடி மேல ஏறுது எண்டு பார்த்தா மிச்சம் தானா விளங்கும். ரோட்டில இருந்து வாற கேபிள் (இப்ப அது ஃபைபர், கண்ணாடி இழைக்குள்ளால வெளிச்சமா இன்டர்நெட் கொண்டு வாற வயர்) கீழ்த்தளத்தில, அனேகமா கரண்ட் மீட்டர் எல்லாம் வரிசையா இருக்கிற அறையில, ஒரு பெட்டியில வந்து நிக்கும். அங்க இருந்து மேல ஏற டக்ட் எண்டு ஒரு நிமிர்ந்த பாதை, தண்ணிக் குழாய், கரண்ட் வயர் எல்லாம் ஏறுற மாதிரி. ஒவ்வொரு மாடியிலயும் டக்டில இருந்து பிரிஞ்சு உங்கட கதவுக்கு மேலால ஒரு சின்ன பிவிசி பைப் உள்ள வரும். ரோட்டில இருக்கிறது கம்பனிட பாடு, கதவுக்கு உள்ள இருக்கிறது உங்கட பாடு, நடுவில இருக்கிற அந்தப் பெட்டியும் டக்டும் பைப்பும் ஆற்ற? அதுதான் முழுப் பிரச்சினையும். கம்பனிகள் வெப்சைட்டில போடுற கவரேஜ் மெப்பில எங்கட லேன் முழுக்க பச்சை, ஆனா அந்த மெப் கேட்டோட முடிஞ்சிடும், கேட்டுக்கு உள்ள இருக்கிற மெப்ப ஒருத்தரும் கீறி வைக்கிறதில்ல.

வெள்ளவத்தை, தெஹிவளை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை பக்கம் 90களிலயும் 2000களிலயும் எழும்பின பிளட்டுகளப் பாருங்கோ. ஊர்ல சண்டை, சனம் கொழும்புக்கு வருது, வெளிநாட்டுக் காசும் வருது, ஒரு வீடு நிண்ட காணியில அஞ்சு ஆறு மாடி. அப்ப கட்டினவைக்கு வீட்டுக்கு ஒரு டெலிபோன், ஒரு ரிவி அன்டெனா, அவ்வளவுதான் கணக்கு. விரல் தடிப்பில ஒரு பைப் விட்டு அதுக்குள்ள ரெண்டு கம்பி செப்பு வயர இழுத்துப் பூசி மூடிட்டினம். சில இடத்தில அந்தப் பைப்புக்குள்ளயே சீமெந்து இறங்கி இறுகிப் போய்க் கிடக்கும், வயர் விட ஸ்பிரிங்க தள்ளினா பாதியில நிண்டிடும். இதுக்குள்ள முதலாவது கம்பனி தன்ட ஃபைபர எப்பிடியோ இழுத்திடும், ரெண்டாவது கம்பனி வரேக்க இடமில்ல.

இதில "ஃபைபர் வளைக்க ஏலாது, முறிஞ்சிடும், அதால டக்டுக்குள்ள இன்னொண்டு போடுறது கஷ்டம்" எண்டு ஒரு கதை எல்லா கொமிட்டியிலயும் ஓடும். பழைய ரக ஃபைபருக்கு அது ஓரளவு உண்மை, 30 மில்லிமீட்டர் ஆரத்த விட இறுக்கி வளைச்சா வெளிச்சம் வெளிய கசியத் தொடங்கும். ஆனா கட்டடத்துக்குள்ள போடுறதுக்கெண்டே வந்த புது ரகங்கள் 10 மில்லிமீட்டர், 7.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் தாங்கும். உள்ள இருக்கிற கண்ணாடி இழை வெறும் 0.125 மில்லிமீட்டர், தலைமயிர் தடிப்பு. ஆகவே வளைவு எண்டுறது இப்ப ஒரு சாட்டு. இடமில்லாதது உண்மையான காரணமா இருக்கலாம், அனுமதி இல்லாதது அதைவிட உண்மையான காரணம்.

இன்னொரு காரணமும் இருக்கு, அது கணக்கு. வீடுகளுக்கு வாற ஃபைபரில எக்ஸ்சேஞ்சில இருந்து ஒரு இழை வந்து ஸ்பிளிட்டர் எண்ட சின்னப் பெட்டியில 32 ஆவோ 64 ஆவோ பிரியும், ஜிபொன் எண்டு சொல்லுற முறையில செக்கனுக்குக் கீழ வாற 2.5 ஜிகாபிட்ட அத்தனை வீடும் பங்கு போடும். 30 வீடு இருக்கிற பில்டிங்குக்கு ஒரு ஸ்பிளிட்டர் போதும். அந்த முதல் செலவு, ஆள் கூலி, கேபிள் எல்லாம் 20 வீடு சேர்ந்தா கெதியா திரும்பி வரும், ரெண்டு வீடு மட்டும் எண்டா வராது. முதல் வந்தவன் 20 வீட்டையும் எடுத்திட்டா அடுத்தவன் மிச்சம் இருக்கிற பத்துக்காக வாறதுக்கு யோசிப்பான். அப்ப எழுத்தில ஒரு ஒப்பந்தமும் இல்லாமலே அந்த பில்டிங் ஒரு கம்பனிக்குச் சொந்தமாப் போயிடும், ஆரையும் குற்றம் சொல்லவும் ஏலாது.

ஒப்பந்தத்தோட நடக்கிறது வேற. அதுல நல்லா அடிபட்டு, பூட்டுப் போட்டு, பூட்டுக்கு மேல பூட்டுப் போட்ட நாடு அமெரிக்கா, அந்தக் கதை கொஞ்சம் நீளம், ஆனா கேட்க வேண்டியது.

1970களில நியூயோர்க் மாநிலம் ஒரு சட்டம் போட்டுது, வாடகைக்கு இருக்கிற ஆள் கேபிள் ரிவி கேட்டா வீட்டுக்காரர் மறிக்கக் கூடாதெண்டு, வீட்டுக்காரருக்கு நட்டஈடு 1 டொலர். மன்ஹட்டனில அஞ்சு மாடி பில்டிங் வாங்கின ஒரு மனுசி, தன்ட கூரையில அரை அங்குலத் தடிப்பில ஒரு கேபிளும் ரெண்டு சின்னப் பெட்டியும் இருக்கிறதப் பார்த்து கோர்ட்டுக்குப் போனா. 1982ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ பக்கம் தீர்ப்பு சொன்னது, எவ்வளவு சின்ன வயரா இருந்தாலும் இன்னொருத்தற்ற சொத்தில நிரந்தரமா இருக்கிறது சொத்தை எடுக்கிறதுக்குச் சமன், காசு குடுக்க வேணுமெண்டு. கடைசியில அவவுக்குக் கிடைச்சதும் அந்த 1 டொலர்தானாம். சிரிப்பா இருக்கும், ஆனா அண்டைக்குப் பிறகு அங்க "வீட்டுக்காரா, கதவத் திற" எண்டு நேரடியா சொல்லுற சட்டம் போடுறது கஷ்டமாப் போச்சு.

அதால அவங்கட தொலைத்தொடர்பு ரெகுலேட்டர், எஃப்சிசி, மற்றப் பக்கத்தால வந்தது. வீட்டுக்காரரத் தொடாமல் கம்பனியப் பிடிச்சது, இந்த மாதிரி ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்க உனக்கு உரிமை இல்ல எண்டு. 2000ல ஒபீஸ் கட்டடங்களுக்குத் தனி உரிமை ஒப்பந்தம் தடை, 2007ல குடியிருப்பு மாடிகளில கேபிள் ரிவிக்குத் தடை, 2008ல டெலிபோன் கம்பனிகளுக்கும் தடை. முடிஞ்சுதா? இல்ல. வக்கீல்மார் சும்மா இருப்பினமா, "தனி உரிமை" எண்ட சொல்ல மட்டும் எடுத்துப்போட்டு அதே வேலைய வேற விதமாச் செய்ய வெளிக்கிட்டினம்.

ஒரு வழி, வருமானப் பங்கு. பில்டிங்கில எத்தினை வீடு எங்கட லைன எடுக்குதோ அவ்வளவுக்கு வீட்டுக்காரருக்குக் கொமிசன். அதிலயும் படிக்கட்டு வச்சது, பாதி வீடு எடுத்தா ஒரு அளவு சதவீதம், முக்கால்வாசி எடுத்தா எல்லாருக்கும் சேர்த்து அதைவிடக் கூடின சதவீதம் எண்டு. இப்ப நீங்க வீட்டுக்காரரா இருந்து யோசியுங்கோ, ரெண்டாவது கம்பனிய உள்ள விட்டா உங்கட சதவீதமே கீழ விழும், ஆரும் உங்களுக்கு விடாத எண்டு சொல்லத் தேவையில்ல, நீங்களே மறிப்பீங்கள். இன்னொரு வழி இன்னும் கெட்டித்தனம். அங்க கேபிள் வயர் விசயத்தில ஒரு எல்லை இருக்கு, உங்கட வீட்டுக்குள்ள வயர் நுழையிற இடத்துக்கு வெளிய 12 அங்குலம் அளவில, அதுக்கு உள்ள வாடிக்கையாளர்ட பக்கம், அடுத்த கம்பனி அதைப் பாவிக்கலாம். கம்பனி என்ன செய்தது, கட்டடத்துக்குள்ள இருக்கிற வயர வீட்டுக்காரருக்கு வித்திட்டு, அதையே தனக்கு மட்டும் எண்டு திருப்பி லீசுக்கு எடுத்தது. வயர் வீட்டுக்காரற்றயாம், அதால கம்பனிக்கு உள்ள சட்டம் அதுக்குப் பொருந்தாதாம். வீட்ட வித்து அதிலயே வாடகைக்கு இருக்கிற ஆக்களக் கண்டிருக்கிறம், வயர வித்து வாடகைக்கு எடுத்தத அங்கதான் பார்க்கலாம்.

2022 பெப்ரவரியில எஃப்சிசி நாலுக்குப் பூச்சியம் எண்டு வாக்குப் போட்டு இதையும் அடைச்சது, வேற கம்பனிட்டப் பங்கு வாங்காத எண்ட தனிப் பங்கும் படிக்கட்டுப் பங்கும் தடை, வித்து லீசுக்கு எடுக்கிற வேலையும் பழைய சட்டத்தின்படி பிழைதான் எண்டு தெளிவாச் சொன்னது, லொபியில ஒரே கம்பனிட நோட்டீஸ் மட்டும் ஒட்டுற விளம்பர ஒப்பந்தம் இருந்தா அதை ஆக்களுக்கு விளங்கிற பாசையில சொல்ல வேணுமெண்டும் வச்சது. அந்தக் கடைசி விசயம் எனக்கு நல்லாப் பிடிச்சது. ஏனெண்டா அனேக ஆக்கள் மறிக்கப்படுறதில்ல, வேற வழி இருக்கெண்டே தெரியாமல் இருக்கினம்.

இவ்வளவு பூட்டுக்குப் பிறகும் மொத்தமா வாங்கிற முறை தொடப்படாமல் இருக்கு. வீட்டுக்காரர் முழு பில்டிங்குக்கும் ஒரே கம்பனிட்ட வாங்கி, வேணுமோ வேணாமோ எல்லாற்ற பில்லிலயும் சேர்க்கிறது. 2024ல எஃப்சிசி தலைவர் விரும்பினா விலகலாம் எண்டு விதி கொண்டு வரப் பார்த்தவ, 2025 ஜனவரியில புதுத் தலைவர் வந்து அதைக் கிடப்பில போட்டார். இதில எனக்கு ரெண்டு மனம். மொத்தமா வாங்கினா விலை குறையும், அது உண்மை, கொழும்பில ரூம் வாடகைக்கு எடுத்துப் படிக்கிற பிள்ளையளக் கேட்டா வைஃபையோட சேர்த்து வாடகை எண்டா சந்தோசப்படுவினம். ஆனா வேலைக்கு நல்ல லைன் வேணுமெண்டு தனியா ஒண்டு எடுக்கிறவர் ரெண்டு பில் கட்டுறார்.

சரி, எங்கட ஊருக்கு வருவம். இலங்கையில இந்தப் பிரச்சினை ஏன் இவ்வளவு காலமா பெரிசாக் கதைக்கப்படேல்ல? ஏனெண்டா இங்க போட்டி வயரால வரேல்ல, காத்தால வந்தது. டெலிகொம் எண்டுறது முந்தி அரசாங்கத் திணைக்களம், 1991ல கூட்டுத்தாபனமாச்சு, 1997ல ஜப்பான் டெலிபோன் கம்பனி என்டிடி மூண்டில ஒரு பங்கு அளவில வாங்கிச்சு, ரோட்டில இருந்த செப்பு வயர் முழுக்க அவையிட்டதான். அப்பாமார்ட்ட கேட்டுப் பாருங்கோ, போன் லைனுக்கு விண்ணப்பம் போட்டு வருசக் கணக்கில இருந்த கதை வரும். 90கள் நடுப்பகுதியில சன்டெல், லங்கா பெல் எண்டு ரெண்டு கம்பனி வந்தது, ரெண்டும் வயர் கிண்டாமல் கூரையில ஒரு அன்டெனா பூட்டி வீட்டு போன் தந்தது. சன்டெல்ல 2012ல மொபைல் கம்பனி டயலொக் வாங்கிட்டுது. அதுக்குப் பிறகு 4ஜி வந்தது, ரவுட்டர வாங்கி ஜன்னலடியில வச்சா சரி, டக்டும் வேணாம் கொமிட்டியும் வேணாம் செக்யூரிட்டியும் வேணாம். சுவரத் தாண்ட ஏலாதெண்டு சுவருக்கு மேலால பறந்தம், அதால சுவர் இருக்கிறதே மறந்து போச்சு.

ஃபைபர் வந்த பிறகுதான் சுவர் திரும்பக் கண்ணில படுது. நாள் முழுக்க சூமில இருக்கிற ஆக்கள், ரெண்டு பிள்ளையள், ஒரு ஸ்மார்ட் ரிவி, இவ்வளவுக்கும் பின்னேரம் ஏழு மணிக்கு 4ஜி மூச்சு வாங்கும், ஏனெண்டா டவரில ஒரு பக்கத்துக்குப் பூட்டின அன்டெனாவ அந்தப் பக்கத்துச் சனம் முழுக்கப் பங்கு போடுது. உயரமான மாடியில இருந்தா சிக்னல் நல்லா இருக்குமெண்டு நினைக்கிறதும் பிழை. டவர் அன்டெனாவ ரோட்டில இருக்கிற ஆக்களுக்காகக் கீழ சரிச்சுத்தான் பூட்டுவினம், மேல் மாடியில இருந்து பத்து டவர் ஒரே நேரம் தெரியும், எதையும் உருப்படியாப் பிடிக்காமல் போன் தடுமாறும். புது பில்டிங்குகளில வெயில் சூடு தடுக்க உலோகப் பூச்சு அடிச்ச கண்ணாடி போடுறாங்கள், அது சூட்ட மட்டும் இல்ல சிக்னலையும் தடுக்கும். செப்பு வயருக்கும் ஒரு நல்ல குணம் இருந்தது, சும்மா சொல்லக் கூடாது, 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் போன நாளிலயும் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில இருந்து வாற கரண்டில மணி அடிச்சது, ஃபைபர் பெட்டிக்கு வீட்டில யுபிஎஸ் வேணும்.

செய்மதியால நேர வாற ஸ்டார்லிங்க் இன்டர்நெட் இருக்குத்தானே எண்டு ஆரும் சொல்லுவினம். 2024 ஓகஸ்டில லைசன்ஸ் கிடைச்சு 2025 ஜூலையில இங்க தொடங்கிட்டுது, உண்மை. ஆனா அந்தத் தட்டுக்கு நல்லா விரிஞ்ச வானம் தெரிய வேணும், பல்கனியில வச்சா மேல் வீட்டுப் பல்கனிதான் தெரியும், அப்ப மொட்டை மாடிதான், மொட்டை மாடி பொதுச் சொத்து, திரும்ப அதே கொமிட்டி. அமெரிக்காவில ஒரு மீட்டர் வரைக்கும் உள்ள டிஷ்ஷ வாடகைக்காரர் தன்ட பல்கனியில வைக்கலாம், மறிக்கக் கூடாதெண்டு விதி, அங்கயும் பொதுக் கூரைக்கு அந்த உரிமை இல்ல.

இந்தப் பொதுச் சொத்து எண்டுறது 1973ம் ஆண்டின் 11ம் இலக்க அபார்ட்மென்ட் சட்டத்தில இருந்து வாறது, 1982லயும் 2003லயும் திருத்தினது. அதின்படி பதிஞ்ச பில்டிங்கில வீட்டுக்குள்ள இருக்கிறது வாங்கினவற்றது, படி, கூரை, லிஃப்ட், பொதுவா ஓடுற குழாய், டக்ட் எல்லாம் எல்லா உரிமையாளருக்கும் கூட்டுச் சொந்தம், அதை நடத்துறது மனேஜ்மென்ட் கோப்பரேசன், எங்கட வாயில கொமிட்டி. அதில ஆக்கள் உரிமையாளர் மட்டும். வாடகைக்காரருக்கு வாக்கில்ல. வெள்ளவத்தையில இது என்ன மாதிரி வருமெண்டு யோசியுங்கோ. என்ட வீட்டுக்காரர் கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் லண்டனில, மேல் வீட்டுக்காரர் சிட்னியில. இங்க இருந்து பாவிக்கிறவைக்குக் குரல் இல்ல, குரல் இருக்கிறவைக்கு வெள்ளவத்தை லைன் ஸ்பீட் பற்றி என்ன அக்கறை. நான் வட்ஸ்அப்பில கேட்டதுக்கு அவர், "தம்பி, அவையளோட சண்டை பிடிக்காதேங்கோ, ரவுட்டர் ஒண்டு வாங்கிப் போடுங்கோ" எண்டு வொய்ஸ் போட்டவர், பின்னால பனி தள்ளுற மெசின் சத்தம்.

கொமிட்டி செயலாளரைப் பிடிச்சுக் கதைச்சன். பென்சன் எடுத்த மனுசன், வில்லன் எல்லாம் இல்ல. "அங்கிள், ஒரு வயர்தானே" எண்டன். "ஒரு வயர் எண்டுதான் எல்லாரும் வாறீங்கள் தம்பி" எண்டு சொல்லி என்னைக் கீழ கூட்டிக்கொண்டு போய் டக்ட் கதவத் திறந்து காட்டினார். உண்மையா எனக்குக் கதை வரேல்ல. அறுந்த டெலிபோன் வயர், செத்துப்போன கேபிள் ரிவி வயர், போன குடித்தனக்காரர் விட்டிட்டுப் போனது, ஒண்டும் ஆற்றயெண்டு எழுதி இல்ல, எது உயிரோட எது செத்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கம்பனிப் பொடியள் ஒருக்கா மாடித் தட்டில ஓட்டை போட்டுட்டு மூடாமல் போயிருக்கிறாங்கள், கீழ நெருப்புப் பிடிச்சா அந்த ஓட்டையாலதான் புகை மேல ஏறும். "இதுக்கு மேல இன்னொருத்தன விட்டா ஆர் பொறுப்பு?" நியாயமான கேள்வி. ஆனா "அப்ப உள்ள இருக்கிற கம்பனியோட ஏதும் எழுத்தில இருக்கோ அங்கிள்" எண்டு கேட்டதுக்கு, "கட்டினவர் காலத்தில ஏதோ கையெழுத்து வச்சதாம், பேப்பர் எங்கயெண்டு தெரியாது" எண்டார். இல்லாத பேப்பரால 24 வீடு கட்டுப்பட்டுக் கிடக்கு.

அந்த டக்டப் பார்த்த பிறகு எனக்கு சிங்கப்பூர் முறைதான் சரியெண்டு பட்டது. அங்க கட்டுறவரே தன்ட செலவில தொலைத்தொடர்புக்கு அறை, குழாய், ஏறு பாதை எல்லாம் விட வேணும், அது கட்டட விதி. ஃபைபர ஒரு நிறுவனம், நெட்லிங்க், வீட்டுக்குள்ள வரைக்கும் போட்டு வைக்கும், அதுக்கு மேல சேவை விக்கிற கம்பனியள் பல பேர். கம்பனி மாறினா ரோல் தூக்கிக்கொண்டு ஒருத்தரும் மாடி ஏறுறதில்ல. அமெரிக்கா கம்பனிட பேனாவப் பறிச்சது, சிங்கப்பூர் வயர ஒண்டாக்கிச்சு, ரெண்டாவதுதான் எங்கட அங்கிள்ட கேள்விக்கும் பதில். இங்கிலாந்து 2021ல போட்ட சட்டம் வேற ஒரு சின்ன விசயத்துக்கு, குடியிருக்கிறவர் லைன் கேட்டு, கம்பனி அனுமதி கேட்டு, வீட்டுக்காரர் பதிலே போடாட்டி கம்பனி ட்ரிபியூனல் எண்ட தீர்ப்பு மன்றத்துக்குப் போகலாம். மாட்டன் எண்டு பதில் போட்டா அந்தச் சட்டம் உதவாது. ஸ்காபரோ வீட்டுக்காரரை நினைச்சுத்தான் எழுதினாங்களோ தெரியாது. இந்தியாவில 2024ல அங்கத்தைய தொலைத்தொடர்பு ரெகுலேட்டர் டிராய் கட்டடங்களுக்கு டிஜிட்டல் கனெக்டிவிட்டிக்கு நட்சத்திரம் குடுக்கிற முறை கொண்டு வந்தது, வீடு வாங்கிறவர் நட்சத்திரத்தப் பார்த்து வாங்கட்டும் எண்டு, ஆனா எழும்பி 25 வருசமான பில்டிங்குக்கு நட்சத்திரத்தால டக்ட் அகலப் போறதில்ல.

கொழும்பில வீடு பார்க்கப் போறவை தண்ணி வருதோ, லிஃப்டுக்கு ஜெனரேட்டர் இருக்கோ, பார்க்கிங் இருக்கோ எண்டு கேக்கிற அதே மூச்சில, எந்தெந்தக் கம்பனிட ஃபைபர் மேல வந்திருக்கு எண்டும் கேளுங்கோ, புரோக்கர்ட்ட கேட்டா எல்லாம் இருக்கெண்டுதான் சொல்லுவார், கீழ்த்தளப் பெட்டியத் திறந்து பார்க்கிறதும் பக்கத்து வீட்டுக் கதவத் தட்டிக் கேக்கிறதும்தான் சரி. உள்ள வராத கம்பனி வேணுமெண்டா அட்வான்ஸ் கட்ட முதலே வீட்டுக்காரர்ட்ட, கொமிட்டிக்கு அவர் பேரில ஒரு கடிதம் தர முடியுமோ எண்டு கேட்டு வையுங்கோ, ஏனெண்டா கோப்பரேசனில ஆள் அவர், நீங்க இல்ல. கட்டின பிறகு கேட்டா வொய்ஸ் மெசேஜ்தான் வரும்.

எனக்குக் கடைசியில வீட்டுக்காரர்ட கடிதம் வந்தது, மூண்டு மாசம் செண்டு. செத்த வயர எல்லாம் கழட்டி, உயிருள்ளதுக்கு வீட்டு நம்பர் ஒட்டி, ஓட்டைய மூடித் தந்தா யோசிக்கிறம் எண்டு அங்கிள் சொல்ல, நானும் மூண்டாம் மாடி அண்ணாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீசியன் ஒருத்தரப் பிடிச்சு இறங்கினம். ரெண்டு உரப்பை நிறைய வயர் வந்தது. அதில ஒண்டு உயிரோட இருந்திருக்கு, ரெண்டாம் மாடி அன்ரிட ரிவி நிண்டு போச்சு, அவ இன்னும் என்னோட கதைக்கிறேல்ல. டக்டில இப்ப கை போற அளவுக்கு இடமிருக்கு. கூட்டம் வாற மாசமாம், அதுவரைக்கும் ரவுட்டர் குசினி ஜன்னலிலதான் இருக்கு, பக்கத்தில உப்புப் போத்தல்.